திறப்பு யாரிடம் இருக்கிறது? திருகோணமலைக் குடும்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

முறைப்பாட்டோடு வந்தவர் இரண்டாவது கணவர். மனைவியின் முதல் கணவர் நினைத்த நேரத்தில் வீட்டுக்குள் வந்து போகிறார், அதை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் என்றார். உளவளத்துணையில் இப்படி ஒரே வரியில் வருகிற முறைப்பாடுகளை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். சொல்லப்பட்ட சங்கடம் உண்மையாகவே இருக்கும். யார் மேல் பழி என்பதுதான் அநேகமாகப் பிழைத்திருக்கும். இங்கேயும் அப்படித்தான். படலையைத் திறந்துகொண்டு வந்தவர் ஒருவர், அது திறந்தே கிடக்கட்டும் என்று விட்டவர்கள் வேறு.

அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகத் தொழில், வயது, இடம் ஆகியவற்றில் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். பெயர்கள் இல்லை. உறவு முறையைச் சொல்லியே குறிப்பிடுகிறேன்.

வீடும் ஆட்களும்

உப்புவெளிப் பக்கத்தில் ஒரு வளவு. வீடு மனைவியின் சீதன வீடு. கிழக்கில் பெண்ணுக்கு வீட்டை எழுதிக் கொடுத்துக் கலியாணம் செய்வது இன்றும் பரவலான வழக்கம். மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேருவார், பிரிவு வந்தால் பெட்டியோடு போகிறவரும் அவரே. முதல் கணவர் கட்டாரில் பல வருடம் வேலை செய்தவர். அவர் அனுப்பிய காசில்தான் பின்பக்கக் குசினி கட்டப்பட்டது, ஹோலுக்கு டைல்ஸ் போடப்பட்டது, கிணற்றுக்கு மோட்டார் வந்தது. காணி உறுதி மனைவியின் பெயரில் இருக்கிறது. உழைப்போ சுவரிலும் நிலத்திலும் இருக்கிறது. விவாகரத்துத் தீர்ப்பு இதில் முதலாவதைப் பற்றித்தான் பேசும்.

அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். மகனுக்குப் பத்து வயது, மகளுக்கு ஏழு. பிள்ளைகள் தாயோடு இருக்க வேண்டும், தகப்பன் வார இறுதியில் பார்க்கலாம் என்பது நீதிமன்றக் கட்டளை. எங்கே பார்ப்பது என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. முதல் கணவர் இப்போது நிலாவெளியில் உல்லாசப் பயணிகளைப் புறாத்தீவுக்கு ஏற்றி இறக்கும் படகில் வேலை செய்கிறார். இன்னும் சில படகுக்காரரோடு ஒரு வாடகை அறையில் இருக்கிறார்.

இரண்டாவது கணவர் அரச அலுவலகமொன்றில் எழுதுவினைஞர். முதல் மனைவி நோயில் இறந்துவிட்டார். அந்தக் கலியாணத்தில் பிறந்த ஒரு மகள், பன்னிரண்டு முடிந்து பதின்மூன்று நடக்கிறது. இந்த வீட்டுக்கு வந்தபோது அவளுக்குத் தனி அறை கிடைக்கவில்லை. ஏழு வயதுத் தங்கச்சியோடு ஒரே அறை, ஒரே அலுமாரி. வீட்டின் முன்பகுதியில் அம்மம்மா, அதாவது மனைவியின் தாய். வளவின் அதிகாரம் முழுக்க அவர் கையில்.

ஆக, ஒரே கூரையின் கீழ் மூன்று பேருடைய உரிமை ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தது. வீடு மனைவிக்குச் சொந்தம், ஆட்சி அவருடைய தாய்க்கு, பாதிக் கட்டடம் போனவருடைய காசு. கடைசியாக வந்தவர்களுக்கு, இரண்டாவது கணவருக்கும் அவருடைய பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கும், அங்கே எதுவும் சொந்தமில்லை. முறைப்பாடு ஏன் அந்த மனிதரிடமிருந்து வந்தது என்பதற்கு இதுவே பாதி விளக்கம்.

நடந்து கொண்டிருந்தது

முதல் கணவர் படலையைத் திறந்து வருவார். முன்கதவால் அல்ல, கிணற்றடியைச் சுற்றிக் குசினிக் கதவால். அதுதான் அவருடைய பழைய பாதை. பானையைத் திறந்து பார்ப்பார், தண்ணீர் குடிப்பார், பிறகு மகளின் அறைக்குப் போய்க் கட்டிலில் சாய்ந்து கதை சொல்லி அவளை நித்திரையாக்குவார். குழந்தைக்கு அது பெரிய சந்தோஷம். ஆனால் அந்த அறை இன்னொரு பிள்ளையுடையதும்தான்.

மே முதல் செப்டெம்பர் வரை நிலாவெளியில் சீசன். அந்த மாதங்களில் சனி, ஞாயிறுதான் படகுக்கு உழைப்பு. அதனால் கட்டளையில் இருக்கிற வார இறுதியில் அவரால் வர முடியாது. செவ்வாய் இரவு எட்டு மணிக்கு வருவார், வியாழன் மத்தியானம் வருவார். வாடைக் காலத்தில் கடல் கொந்தளித்துப் படகு கரையில் கிடக்கும்போது நாள் முழுக்க இங்கேதான். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யாத ஒன்று எப்படி ஒரு வீட்டைத் தின்னும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இரண்டாவது கணவரின் மகளோடு தனியாகக் கதைத்தேன், தகப்பனின் சம்மதத்தோடு. முதலில் கேட்க வேண்டியதைக் கேட்டேன்: முதல் கணவர் ஏதாவது தகாத முறையில் நடந்தாரா, தொட்டாரா, சொன்னாரா. இல்லை என்றாள், தயக்கமில்லாமல். அதற்கு மாறாக ஒரு அறிகுறி இருந்திருந்தால் இந்த ஆய்வுக்கு இடமே இல்லை. அது பொலிஸின் சிறுவர் மகளிர் பணியகத்துக்கும், 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்கும் உரிய விஷயம். அவள் சொன்னது வேறு. குளியலறை வெளியே, கிணற்றடியில். "அந்த மாமா குசினியில நிண்டா நான் பாத்ரூமுக்குள்ளயே நிப்பன். அவர் போற சத்தம் கேட்டாத்தான் வெளிய வருவன்." சில நாள் அரை மணித்தியாலம் ஈரத் துணியோடு நின்றிருக்கிறாள். வீட்டில் யாருக்கும் தெரியாது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "இது சித்தியின்ர வீடுதானே" என்றாள்.

தகப்பன் தன் மானம் போகிறது என்று வந்தார். மகளின் மறைவு, அதாவது அவளுடைய அந்தரங்கம், போய்க்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை. அவர் மேல் கோபப்பட முடியாது. தாயில்லாத பிள்ளை தகப்பனிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டு வராது.

கமரா

ஹோலில் ஒரு வைஃபை கமரா இருந்தது, பின் விறாந்தையில் இன்னொன்று. கட்டாரில் இருந்த காலத்தில் பிள்ளைகளைப் பார்க்க முதல் கணவர் வாங்கி அனுப்பியது. திருகோணமலையில் வெளிநாட்டு உழைப்பு உள்ள எத்தனையோ வீடுகளில் இப்படி இருக்கிறது. பிரிந்த பிறகும் யாரும் கழற்றவில்லை. சுவரில் இருக்கிற மணிக்கூட்டைப் போல அது கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது.

ஒருநாள் மகனுக்கு வாட்ஸ்அப்பில் தகப்பனிடமிருந்து செய்தி: "புத்தகத்தை மூடிப்போட்டு ஏன் ரீவிக்கு முன்னால இருக்கிறாய்?" நேரம் இரவு ஒன்பதரை. பையன் சிரித்துக்கொண்டு சித்தப்பாவிடம், அதாவது இரண்டாவது கணவரிடம், காட்டினான். அவருக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை. பிறகு மேலே பார்த்தார்.

இந்த வகைக் கமராவை முதலில் யாருடைய கணக்கில் இணைத்தார்களோ அவர்தான் அதற்கு உடைமைக்காரர். செயலி அவர் போனில் இருக்கும்வரை உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் படமும் சத்தமும் வரும். பலவற்றில் கமரா வழியாகப் பேசவும் முடியும். வீட்டு வைஃபையின் பாஸ்வேர்டை மாற்றினால் கமரா இணையத்திலிருந்து அறுந்துவிடும். ஆனால் கணக்கு அவரிடமே இருக்கும். பல கம்பனிகளின் கமராக்களைப் பழைய கணக்கிலிருந்து விடுவிக்காமல் புதிய கணக்கில் சேர்க்கவே முடியாது. ஆகவே கமராவை வைத்திருக்க விரும்பினால் பழைய உடைமைக்காரர் விடுவித்துத் தர வேண்டும். விருப்பமில்லை என்றால் கழற்றிவிட வேண்டியதுதான்.

இரண்டாவது கணவருக்கு அன்று இரவே நிலாவெளிக்குப் போய்ச் சண்டை பிடிக்க வேண்டும் போல இருந்தது. நல்லவேளை போகவில்லை. அடுத்த நாள் என்னிடம் வந்தார். நான் சொன்னது: முதலில் பிளக்கைக் கழற்றுங்கள், யாரிடமும் கேட்க வேண்டாம். பிறகு மனைவியின் போனில் அந்தச் செயலி இருந்தால், யாரோடு பகிரப்பட்டிருக்கிறது என்ற பக்கத்தைப் படம் பிடித்து வையுங்கள். நாளை வழக்கென்று வந்தால் தேவைப்படும், அழித்த பிறகு கிடைக்காது. குற்றம் சாட்டுவது மூன்றாவது.

தேடிப் பார்த்தால் கமரா மட்டுமல்ல. மகனின் டேப்லெட்டில் இருந்த கூகுள் கணக்கு தகப்பனுடைய போனோடு இணைந்திருந்தது. பிள்ளை எடுக்கிற படமெல்லாம், சித்தப்பா சாரத்தோடு விறாந்தையில் படுத்திருக்கிறது உட்பட, அந்தக் கணக்குக்குப் போய்க்கொண்டிருந்தது. மின்சாரக் கட்டணச் செய்தி அவருடைய இலக்கத்துக்குத்தான் வந்தது. "இந்த மாசம் கரண்ட் பில் கூடிப்போச்சு, ஏசி போட்டிட்டீங்களோ?" என்று அவர் முன்னாள் மனைவியிடம் பகிடியாகக் கேட்டதன் மர்மம் அப்போதுதான் விளங்கியது. மனைவியின் வாட்ஸ்அப்பில் இணைந்த சாதனங்களைப் பார்த்தோம். பழைய மடிகணினி ஒன்று இன்னும் பட்டியலில் இருந்தது. அது அலுமாரியின் மேல் பழுதாகிக் கிடந்தது, ஆனாலும் நீக்கினோம்.

பிள்ளைகளோடு தகப்பன் பேசும் வீடியோ அழைப்பு இன்னொரு வாசல். பையன் போனைக் கையில் பிடித்தபடி வீடு முழுக்க ஓடுவான். அக்கா தலை துவட்டுவதும், அம்மம்மா படுத்திருப்பதும், குசினி மேசையில் கிடக்கிற கடிதமும் அழைப்பில் போகும். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. பத்து வயதுப் பையன் அப்படித்தான் ஓடுவான். அழைப்புக்கு ஒரு இடம் குறித்துக் கொடுப்பது பெரியவர்களின் வேலை.

ஒவ்வொருவரும் நின்ற இடம்

முதல் கணவரை நான் சந்தித்தது இரண்டாவது கணவர் ஏற்பாடு செய்து அல்ல. முன்னாள் மனைவி கேட்டு, அவர் ஒத்துக்கொண்டு வந்தார். கமராவைப் பற்றிச் சொன்னதும் வெட்கப்பட்டார். "பிள்ளையளைப் பாக்கத்தான் பாத்தன். மற்ற ஆக்களைப் பாக்கோணும் எண்டு நினைக்கேல்ல." நான் நம்பினேன். ஆனால் நம்புவதும் விட்டுவிடுவதும் ஒன்றல்ல. பிள்ளையைப் பார்க்கத் திறந்த கண்ணில் பிள்ளை மட்டும் விழாது, அந்த வீட்டில் நடமாடுகிற எல்லாரும் விழுவார்கள். வீட்டுக்குள் வருவதைப் பற்றிக் கதைத்தபோதுதான் அவர் குரல் உயர்ந்தது. "நான் கட்டின குசினி. என்ர பிள்ளையள். நான் ஆரிட்டக் கேட்டு வாறது?" கொஞ்ச நேரம் கழித்து, தாழ்ந்த குரலில்: "நான் இருக்கிற அறைக்குப் பிள்ளையளைக் கூட்டிப்போகேலாது. அங்க குடிக்கிறவங்களும் இருக்கிறாங்கள்."

என் கணிப்பில் இந்த நிகழ்வின் மையம் இந்தக் கடைசிச் சொல். எல்லை மீறுகிறார், ஆதிக்கம் செலுத்துகிறார் என்று பார்த்தால் விடை கிடைக்காது. பிள்ளைகளோடு இருக்க அவருக்கு வேறு இடமில்லை. இடம் கொடுக்காமல் கதவை மட்டும் சாத்தினால் அவர் ஜன்னலால் வருவார், அல்லது பிள்ளைகளை விட்டுவிடுவார். இரண்டும் வேண்டாம்.

அம்மம்மாவுக்கு இதெல்லாம் வீண் கதை. "அந்தாள் என்ர மருமகன் இல்லாமப் போகலாம், பேரப்பிள்ளையளுக்குத் தேப்பன் இல்லாமப் போவாரோ?" குசினிக் கதவின் திறப்பில் ஒன்று முதல் கணவரிடம் இருந்தது என்பதும், அதைக் கொடுத்தது அம்மம்மாதான் என்பதும் இங்கே வெளிவந்தது. தான் கோயிலுக்குப் போயிருக்கும் நேரம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வந்தால் அவர் திறந்து விடட்டும் என்று கொடுத்தாராம்.

மனைவிதான் அதிகம் பேசாதவர். தனியாகக் கேட்டபோது சொன்னார்: விவாகரத்தைக் கேட்டது தான். பிள்ளைகளிடமிருந்து தகப்பனைப் பிரித்தவள் என்று ஊர் சொல்லும். அதனால் அவர் எப்போது வந்தாலும் தன்னால் வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. புதுக் கணவர் சொல்லட்டும் என்று காத்திருந்திருக்கிறார். அவரோ, வீடு இவளுடையது, இவள் சொல்லட்டும் என்று காத்திருந்திருக்கிறார். இரண்டு பேரும் காத்திருந்த இடைவெளியில்தான் அந்தப் பிள்ளை குளியலறைக்குள் நின்றது.

இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. முன்னாள் துணையிடம் எல்லையைச் சொல்ல வேண்டியவர் அவரோடு வாழ்ந்தவர்தான். புதிதாக வந்தவர் சொன்னால் அது இரண்டு ஆண்களுக்கிடையே போட்டியாகிவிடும், பிள்ளைகள் பக்கம் பிரிவார்கள். புதியவர் தனக்கு என்ன கஷ்டம் என்பதைத் தன் துணையிடம் சொல்ல வேண்டும், அங்கே நிறுத்த வேண்டும். எங்கள் ஊரில் இது கோழைத்தனமாகப் பார்க்கப்படும் என்று தெரியும். "நீ ஆம்பிளை இல்லையா, போய்க் கேள்" என்று அலுவலகத்தில் அவருக்குச் சொல்லியும் இருக்கிறார்கள்.

அவர் பக்கத்திலும் ஒரு மீறல் இருந்தது. மனைவி குளிக்கப் போகும் நேரம் பார்த்து, முதல் கணவரோடு அவர் பரிமாறிய வாட்ஸ்அப் செய்திகளைப் பல மாதமாக வாசித்து வந்திருக்கிறார். அதில் சந்தேகத்துக்கு ஒன்றுமில்லை. பள்ளிக்கூடக் கட்டணம், காய்ச்சல், சப்பாத்து, இவ்வளவுதான். தன் மறைவு போகிறது என்று முறையிட வந்தவர் அடுத்தவர் போனைத் திறக்கிறார் என்பதை நான் அவருக்கு நேராகவே சொன்னேன். அம்மம்மாவும் விட்டுவைக்கவில்லை: தகப்பனோடு வெளியே போய் வருகிற பிள்ளைகளிடம் "அங்க ஆர் ஆர் வந்தது, அப்பா ஆரோட போனில கதைச்சார்" என்று விசாரணை. முன்னாள் கணவருக்கும் தனிவாழ்க்கை உண்டு. பிள்ளைகள் தபால்காரர்களும் இல்லை.

சட்டம் எவ்வளவு தூரம் வரும்

முதல் அமர்விலேயே சட்டத்தைக் கேட்டார்கள், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். இலங்கையில் பொதுச் சட்டத்தின்படி விவாகரத்தும் பிள்ளைகளின் பொறுப்பும் மாவட்ட நீதிமன்றத்தின் விஷயம். பிள்ளைக்கான தாபரிப்பு 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தின் விஷயம். பக்கத்துவீட்டு முஸ்லிம் குடும்பத்துக்குக் காதி நீதிமன்றம் என்பதால் அங்கே கேட்ட அனுபவத்தை இங்கே பொருத்த முடியாது. முதல் கணவர் மாதம் தவறாமல் தாபரிப்புக் கட்டுகிறார். அது பிள்ளையின் உரிமை. வீட்டுக்குள் நுழைவதற்கான சீட்டு அல்ல. அதேபோல அவர் ஒரு மாதம் கட்டாவிட்டாலும் பிள்ளையைக் காட்ட மாட்டேன் என்று சொல்ல இவர்களுக்கு உரிமை வராது.

பெற்றோர் பிரிந்தாலும் இருவரோடும் தொடர்பு வைத்திருக்கும் உரிமையை ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 9ஆம் உறுப்புரை பிள்ளைக்குத் தருகிறது. அதே சமவாயத்தின் 16ஆம் உறுப்புரை பிள்ளையின் தனிமையைக் காக்கச் சொல்கிறது. இலங்கை இதை 1991இல் ஏற்றுக்கொண்டது. இந்த வீட்டில் முதல் உரிமை ஏழு வயதுப் பிள்ளைக்கு, இரண்டாவது பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு. ஒன்றைக் கொடுக்க மற்றதைப் பறிக்கத் தேவையில்லை.

அனுமதியில்லாமல் இன்னொருவருடைய கணினித் தரவை அணுகுவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின் கீழ் குற்றம். ஆனால் கமராவை வாங்கி அனுப்பியவர் முதல் கணவரே, நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவும் இல்லை. சொன்ன பிறகும் பார்த்தால் கதை வேறு. 2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை ஒருவர் இணையத்தில் பார்த்துவிட்டுக் கொண்டுவந்தார். ஒரு தனிமனிதர் வீட்டுத் தேவைக்காகச் செய்கிறவை அதன் எல்லைக்கு வெளியே. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் முன்னாள் துணைக்கும் பொருந்தும். நீதவான் பாதுகாப்புக் கட்டளையில் வீட்டுக்குள் நுழைவதைத் தடுக்கலாம், ஆகக் கூடியது 12 மாதத்துக்கு. அடியோ, மிரட்டலோ, பின்தொடர்தலோ இருந்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் அங்கேதான் போக வேண்டும். இங்கே அவை இல்லை. இல்லாத இடத்தில் அந்தச் சட்டத்தைக் கையில் எடுத்தால், பிள்ளைகளின் தகப்பன் ஒரு எதிராளி ஆகிவிடுவார். அதற்குப் பிறகு எந்த அமர்வும் பயன்படாது.

திருப்பம்

அமர்வுகள் மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தன. கமரா உடனே போய்விட்டது. முதல் கணவரே வந்து விடுவித்துக் கொடுத்தார். திறப்பு மட்டும் வரவில்லை. அம்மம்மா வாங்கித் தர மறுத்தார், மனைவி கேட்கத் தயங்கினார்.

அந்த நேரத்தில் இரண்டாவது கணவரின் மகள் சாமத்தியப்பட்டாள். தண்ணீர் வார்க்கும்வரை பிள்ளையை அறைக்குள் இருத்தினார்கள். அம்மம்மாதான் முன்னின்று எல்லாம் பார்த்தார். களியும் முட்டையும் நல்லெண்ணெயும் அவர் கையால்தான். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, வழமை போல முதல் கணவர் குசினிக் கதவைத் திறந்து நேரே அந்த அறைக்குப் போனார், சின்ன மகளைத் தேடி. அவருக்குச் செய்தி தெரியாது. அம்மம்மா ஓடிவந்து வாசலில் நின்றார். "தம்பி, குமர்ப்பிள்ளை இருக்கிற வீடு. இனி முன்வாசலால வந்து குரல் குடுங்கோ." அதே இடத்தில் திறப்பையும் வாங்கிக்கொண்டார். நான் பல அமர்வில் சொல்ல முடியாததை அவர் ஒரு வாயில் சொல்லி முடித்தார்.

இதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன், கூடவே கொஞ்சம் யோசித்தேன். பெரியபிள்ளையானதால்தான் அவளுக்கு மறைவு என்றால், போன மாதம் அவள் ஈரத் துணியோடு நின்றது பரவாயில்லையா? பத்து வயதுப் பையன் உடுப்பு மாற்றும்போது கதவைத் தட்ட வேண்டாமா? சாரத்தோடு விறாந்தையில் இருக்கிற மனிதருக்கு? வழக்கம் ஒரு கதவைச் சாத்தித் தந்தது. மற்றக் கதவுகளை நாங்கள்தான் சாத்த வேண்டியிருந்தது. ஆனாலும் அம்மம்மாவிடம் பிள்ளை உரிமை, தனியுரிமை என்று பாடம் எடுத்து நேரத்தை வீணாக்கியதை விட, அவருக்குள் ஏற்கெனவே இருந்த ஒழுங்கைக் கேட்டிருந்தால் விரைவாக முடிந்திருக்கும் என்று இத்தகைய வீடுகளுக்குப் போகிற மற்றவர்களுக்குச் சொல்வேன்.

ஒழுங்கு செய்தது

முதலில் இடம். முதல் கணவரின் அக்கா சாம்பல்தீவில் இருக்கிறார். நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் நடுவில், இருவருக்கும் வசதி. விவாகரத்துக்குப் பிறகு அந்த மச்சாளோடு இந்த வீட்டார் கதைப்பதில்லை. மனைவி தானே போய்க் கதைத்தார், அதற்கு எடுத்த தைரியம் பெரியது. வாடைக் காலத்தில் சனி காலை முதல் ஞாயிறு மாலைவரை பிள்ளைகள் அங்கே. சீசனில் கிழமை நாளில் இரண்டு மாலை, பள்ளிக்கூடத்தால் நேரே கூட்டிப்போய் ஏழு மணிக்குள் கொண்டுவந்து விடுவது. டச்சுக் குடாவின் கரை, கோட்டைக்குள் திரிகிற மான்கள், கோணேசர் கோயில் என்று அவர்களே திட்டம் போட்டுக்கொண்டார்கள். சட்டத்தரணி மூலம் இந்த நேர அட்டவணையை இணக்கமாக எழுதி நீதிமன்றத்தில் கொடுத்தார்கள், இம்முறை இடத்தையும் சேர்த்து.

வீட்டுக்கு வந்தால் முன்விறாந்தை வரை. அது அம்மம்மாவின் பகுதி என்பதால் அவரைப் பார்க்க வருவதற்கும் தடையில்லை, பிளேன்டீ குடித்துவிட்டுப் போகலாம். வருமுன் ஒரு அழைப்பு. உள்ளே போக வேண்டுமென்றால் வீட்டிலிருக்கும் பெரியவர் ஒருவர் கூட்டிப்போக வேண்டும். இது முதல் கணவருக்கு மட்டும் போட்ட சட்டமாக இருந்தால் அவமானமாகப் போயிருக்கும். இரண்டாவது கணவரின் தம்பிமாரும் மனைவியின் சித்தப்பாமாரும் இதே வழியில்தான் என்று அம்மம்மா அறிவித்தார். குசினிப் பூட்டையும் மாற்றினார்கள். திருப்பித் தந்த திறப்புக்கு வேறு பிரதி இருக்காது என்று நம்பலாம், ஆனால் பூட்டு மாற்றுவது அவ்வளவு செலவில்லை.

குளியலறையிலிருந்து வீட்டுக்கு வரும் பாதையில் தகரத்தால் ஒரு மறைப்பு அடித்தார்கள். இரண்டாவது கணவர் தன் கையால், ஒரு ஞாயிற்றுக்கிழமை. இந்த முழு நிகழ்விலும் அந்தப் பிள்ளைக்கு உடனே பயன்பட்டது அதுதான் என்று நினைக்கிறேன். அறையில் அவளுக்கென்று பூட்டு உள்ள ஒரு அலுமாரியும் வாங்கிக் கொடுத்தார்கள்.

வீடியோ அழைப்பு முன்விறாந்தையில், கதிரையில் இருந்துகொண்டு, சுவர் பக்கம் பார்த்து. பையன் முதல் கிழமை மறந்தான், பிறகு பழகிவிட்டான். பிள்ளைகளைப் பற்றிய செய்திகளுக்கென்று மனைவியும் முதல் கணவரும் தனியாக ஒரு உரையாடலை வைத்துக்கொண்டார்கள். இரண்டாவது கணவரை அதில் சேர்ப்பதா என்று விவாதம் வந்தது. சேர்க்க வேண்டாம் என்றேன். அவர் அதில் இருந்தால் ஒவ்வொரு வரியும் மூன்று பேருக்காக எழுதப்படும், காய்ச்சல் மாத்திரையின் அளவைக் கேட்கக்கூடத் தயக்கம் வரும். வீட்டைப் பாதிக்கிற எதையும் மனைவி அன்றே அவரிடம் சொல்வது, அவர் போனைத் திறக்காமல் இருப்பது என்று முடிவானது.

பிறகு

ஒழுங்கு உடைந்த ஒரு நேரம் வந்தது. பையனுக்கு டெங்கு. ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு விட்ட பிறகு தகப்பனைத்தான் கேட்டு அழுதான். முன்விறாந்தை வரை என்ற விதியைப் பிடித்துக்கொண்டு நிற்பது மடத்தனம். மனைவி மெத்தையை ஹோலுக்கு இழுத்துப் போட்டார். தகப்பன் அங்கே பாயில் இரண்டு இரவு படுத்தார். இரண்டாவது கணவரின் மகள் அந்த நாட்களில் அம்மம்மாவின் அறையில். என்ன செய்யப் போகிறோம் என்பதை அவளிடம் முதலில் கேட்டார்கள், இம்முறை மறக்கவில்லை. அவள் சரி என்றாள். மூன்றாம் நாள் அவர் போய்விட்டார், விதி திரும்ப வந்தது.

முதல் கணவரும் இரண்டாவது கணவரும் நண்பர்களாகவில்லை. படலையடியில் சந்தித்தால் "அண்ணை", "தம்பி" என்று ஒரு சொல், அதோடு சரி. அவர்கள் நண்பர்களாக வேண்டும் என்று நான் ஒருபோதும் கேட்டதில்லை. சிலர் கேட்பார்கள், அது வீண் பாரம்.

டைல்ஸுக்கும் குசினிக்கும் போட்ட காசைத் திருப்பித் தர வேண்டும் என்ற கோரிக்கை இன்னும் தீரவில்லை. அது உளவளத்துணைக்குள் வராது, சட்டத்தரணியிடம் அனுப்பியிருக்கிறேன். ஒரு நிபந்தனை மட்டும் இரு தரப்பும் ஒத்துக்கொண்டது: அந்தக் கணக்கு முடியும்வரை அதைப் பற்றிய கதை பிள்ளைகளின் முன்னால் இல்லை, பிள்ளைகளின் வாய் வழியாகவும் இல்லை. சீசனுக்கான அட்டவணையை ஏப்ரல் கடைசிக்குள் மறுபடி இருந்து எழுத வேண்டும். இந்தமுறை பதின்மூன்று வயதுப் பிள்ளையும் மேசையில் இருப்பாள்.